லீலாபாயின் கை ஆடிய இடம்

லீலாபாய் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குலசேகரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். ஆலயத்துக்குப் புறப்படும் முன் பெண்ணின் தலையில் அவளுடைய அப்பா கைவைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று போனைக் காதில் வைத்தேன். பேசியவர் நம் வீடியோகிராபர் சங்கச் செயலாளர். அவர் சொன்னதைக் கேட்டு நான் என்ன பதில் சொன்னேன் என்பது என் மனதில் பதியவில்லை. கேமராவில் பதிந்துவிட்டது.

அடக்கம் எல்லாம் முடிந்து, அந்தக் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் அதைக் கேட்டேன். என் வீட்டுக்காரி சாயா டம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அந்த அப்பா கண்ணீரோடு, “ஆண்டவரே, இந்தப் பிள்ளைய நீரே கையில ஏந்தும்” என்கிறார். அதற்கு ஆமென் சொல்வதுபோல என் குரல் வருகிறது: “அப்போ திங்கக்கிழம கல்யாணம் யாரு எடுக்கது?”

எறும்பு நடந்தாலும் பிடிக்கும் என்று சங்கத்தில் உங்கள் எல்லாரிடமும் நான் பீற்றிக்கொண்ட மைக் அது.

என் வீட்டுக்காரி சாயாவை மேசையில் வைத்தாள். “ஒரு ஆளு செத்த சேதி கேட்டா ஐயோண்ணு வராதா ஒங்களுக்கு? மைக்கு நல்ல மைக்குதான். மனசயும் சேத்துப் புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் திங்கட்கிழமைக் கல்யாணம் லீலாபாய் ஒத்துக்கொண்டிருந்த வேலை. அது எனக்கும் வரவில்லை. பெண்ணின் சித்தி மகளே போனில் எடுத்துக்கொண்டாளாம்.

சங்க மலருக்கு லீலாபாயைப் பற்றிய இந்தக் கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, ஏன் நான் என்றேன். “அவங்கள நீங்கதான அண்ணாச்சி கூடுதல் நாளு கவனிச்சது” என்றார். அது உண்மை. பொறாமைப்படுகிறவன் கவனிப்பதுபோல வேறு யாரும் ஒருவரைக் கவனிக்க மாட்டான். எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பாடத்தை நான் அப்படிக் கவனித்திருந்தால் இந்நேரம் ஏதாவது ஆபீசில் ஃபேனுக்குக் கீழே இருந்திருப்பேன்.

உங்களில் பலருக்கு லீலாபாயை வீடியோ எடுக்கிறவராகத்தான் தெரியும். எனக்கு அதற்கு முன்பே தெரியும். திருவட்டாறில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தார். கல்யாணப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பதில் கைராசிக்காரி என்று பெயர். கல்யாணத்தன்று காலையில் எந்தப் பெண்ணுக்கும் ஜாக்கெட் எங்கேயாவது இறுகும், எங்கேயாவது தொங்கும். அதைச் சரிபண்ண ஊசிநூலோடு பெண்வீட்டுக்கே போய்விடுவார். தைத்து முடித்ததும், தன் வேலை எப்படி வந்திருக்கிறது என்று மஸ்கட்டில் இருந்த மகன் ஜெபினுக்குக் காட்ட ஒரு வீடியோ எடுப்பார். அந்த வீடியோவைப் பெண்வீட்டார் கேட்டு வாங்கினார்கள். பிறகு அதற்காகவே கூப்பிட்டார்கள். பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

அலங்கார அறைக் கதவை வெளியே நின்று நான் தட்டுவேன். “ஒரு நிமிசம் அண்ணா” என்று உள்ளே இருந்து சத்தம் வரும். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் உள்ளே சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து, அழவேண்டியவர்கள் அழுது முடித்திருப்பார்கள். கதவு திறக்கும்போது எல்லாரும் பொம்மைபோல வரிசையாக இருப்பார்கள். மூலையில் லீலாபாய், கழுத்தில் டேப்பும் கையில் போனுமாக, எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

போனில் எடுக்கிறவரைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று நாம் கூட்டம் போட்டுப் பேசியது நினைவிருக்கும். கேமரா இல்லாதவருக்கு வீடியோகிராபர் சங்கத்தில் என்ன வேலை என்று ஒவ்வொருவராக எழுந்து முழங்கினோம். என் முழக்கம் கொஞ்சம் நீளம். லீலாபாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார். “என்னச் சேக்க வேண்டாம். ஆனா ஒங்க ஆண்டு விழாவுக்கு நீங்க எல்லாரும் மேடையில மாலையப் போட்டுட்டு இருப்பிய. கீழ நிண்ணு எடுக்கது யாரு?” என்றார். அதுவரை அது யாருக்கும் தோன்றவில்லை. அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டோம். அந்த விழா வீடியோ வந்தபோது என் வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்த எந்த விசேஷத்தின் வீடியோவிலும் நான் கிடையாது. எடுக்கிறவன் அதில் எப்படி இருப்பான்? என் மகள் ஷீபா, “அப்பா மேடையில ஒக்காந்தே ஒறங்குது பாருங்க” என்று காட்டினாள். நான் படத்தில் இருக்கிறேன் என்பதே அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ அதை எடுத்தது யார் என்பதுதான் உறுத்தியது.

பத்மநாபபுரம் அரண்மனையில் நடந்ததை நீங்கள் அப்போதே சிரித்துத் தீர்த்துவிட்டீர்கள். புது ஜோடியைக் கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்கும் வேலை. பெண்வீட்டார் என்னையும் மாப்பிள்ளைவீட்டார் லீலாபாயையும் சொல்லியிருந்தார்கள். என்னிடம் இரண்டு பெட்டி, ஸ்டாண்டு, குடை, விளக்கு. இவ்வளவையும் பார்த்த காவலாளி அனுமதிக் கடிதம் எங்கே என்றார். நான் கடிதத்துக்கு ஆள்மாற்றி ஆள் போன் பண்ணிக்கொண்டு வாசலில் நின்றேன். லீலாபாய் எல்லாரையும்போல டிக்கெட் எடுத்து ஜோடியோடு உள்ளே போனார். நான் மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே வந்துவிட்டார். “அண்ணன் இன்னும் உள்ள போகலியா? நாங்க முடிச்சாச்சு. சாப்பிடப் போறோம், வாறியளா?” என்றார். ஜோடிக்கு முன்னால் கேட்டார். எனக்கும் நல்ல பசி. அதுதான் இன்னும் மோசம்.

ஆனால் அவரைப் பார்த்து நான் அதிகம் வயிறெரிந்தது வேலை போனதற்காக அல்ல. என் கேமராவைக் கண்டால் நம் ஊர்க்காரர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். பெண்கள் முந்தானையைச் சரிசெய்வார்கள். ஆண்கள் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். நானும் தொழில் பழக்கத்தில், “எல்லாரும் இங்க பாருங்க” என்று ஒரு குரல் கொடுப்பேன். அந்தக் குரலுக்குப் பந்தியில் சோறு உருட்டுகிறவன்கூட கையை இலையில் நிறுத்திவிடுவான். லீலாபாய் ஒரு நாளும் இங்கே பாருங்கள் என்று சொன்னதில்லை. அவர் போனைப் பிடித்துக்கொண்டே பேசுவார், திட்டுவார், திட்டு வாங்குவார். போனைப் பார்த்து யாரும் நிமிரவில்லை. ஆகவே அவரிடம் கிடைத்ததெல்லாம் அசல் ஆட்கள். என்னிடம் கிடைத்தது நிமிர்ந்த ஆட்கள்.

ஒரு கல்யாண வீட்டில் குடும்பப்படம் எடுக்கும்போது நான் வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். பின்னால் பெண்கள் கூட்டத்திலிருந்து லீலாபாய் சொன்னது எனக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்னது: “இந்த அண்ணன் போடுத சத்தத்துக்குப் பெட்டியில கெடக்க பொணமும் கண்ணத் தொறந்து பாக்கும், கேட்டியளா.” கல்யாண வீட்டில் சொல்லக்கூடிய பேச்சா அது? குடும்பம் மொத்தமும் சிரித்துவிட்டது. நான் அந்தச் சிரிப்பைத்தான் படமாக எடுத்தேன். இதுவரை நான் எடுத்த குடும்பப்படங்களிலேயே நல்லது அது என்று அந்த வீட்டார் சொன்னார்கள். அதற்காகவும் எனக்குக் கோபம்.

பிறகு ஷீபாவின் கல்யாணம் வந்தது.

சங்கத்து நண்பர்கள் நாலைந்து பேர் சும்மாவே வந்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். நான் எங்கெங்கே கேமரா நிற்க வேண்டும் என்று மனதுக்குள் ஆலயத்தையே அளந்து வைத்திருந்தேன். என் மகள், லீலா ஆன்டி போனில் எடுத்தால் போதும் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஒரு போட்டோக்காரர் வருகிறார், வேறு யாரும் வேண்டாமாம். போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்ததை டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும் என்று விளக்கினேன். “டிவியில யாருப்பா பாக்குதா?” என்றாள். ஊர் சிரிக்கும் என்றேன். கடைசியில், அப்படியானால் நானே எடுக்கிறேன் என்றேன்.

அதற்கு ஷீபா சொன்னாள்: “நீங்க எடுத்தா அதுல நீங்க இருக்க மாட்டியளேப்பா.”

பாசத்தில் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. இருந்தாலும், என் வீட்டுக் கல்யாணத்தையும் அந்தத் தையல்காரி கொண்டுபோய்விட்டாளே என்ற எரிச்சல்தான் முதலில் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்தன்று காலையில் லீலாபாய் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவர் என் வேட்டி சட்டையை மேலும் கீழும் பார்த்தார். தோளில் போட்டிருந்த நேரியல் துண்டு வலது பக்கம் சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தது. “கேமராவத் தூக்கித் தூக்கி ஒரு தோளு எறங்கிப் போச்சு. இன்னைக்குக் கேமராவும் இல்ல. இது பின்ன எப்படி நிக்கும்?” என்று, வாயில் வைத்திருந்த ஊக்கை எடுத்து நேரியலைச் சட்டையோடு சேர்த்துக் குத்திவிட்டார். “அண்ணன் இன்னைக்கு அப்பாவாக்கும். சும்மா நடந்தாப் போதும்” என்றார்.

சும்மா நடப்பதுதான் எனக்கு வரவில்லை. அதே ஆலயத்தில், அதே நடுப்பாதையில், எத்தனையோ பெண்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்திருக்கிறேன். முன்பக்கமாக நடந்தது அன்றைக்குத்தான். பாடகர் குழு பாட, ஷீபா என் கையைப் பிடித்திருக்க, முன்னால் லீலாபாய் போனைத் தாழ்வாகப் பிடித்துப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். பாதி வழி போயிருப்போம். பக்கவாட்டில் அந்தப் போட்டோக்காரர் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினார். அவ்வளவுதான். இத்தனை வருஷத் தொழில் என் முதுகைப் பிடித்து வளைத்தது. பெண்ணை மறைக்கிறோம் என்று தோன்றியதும், மகளின் கையை விட்டேன், தலையைக் குனிந்தேன், பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு பெரியவரின் மடியோடு ஒட்டி ஒதுங்கிவிட்டேன். கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்ணைப் பாதி வழியில் விட்டுவிட்டு பிரேமிலிருந்து ஓடின அப்பா, இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஷீபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவினாள். நேரியல் நுனி அகப்பட்டது. பிடித்து இழுத்தாள். ஊக்கு குத்தியிருந்ததால் நேரியல் கழன்று வரவில்லை, நான் வந்தேன், சந்தைக்குப் போகும் ஆடுபோல. “எங்கப்பா போறிய?” என்று அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆலயம் முழுவதும் சிரித்தது. பீடத்தில் நின்ற போதகர் அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டார்.

அதை லீலாபாய் எடுத்திருந்தார். ஷீபாவிடமும் மாப்பிள்ளையிடமும் கேட்டுவிட்டு ஸ்டேட்டஸிலும் போட்டார். சவூதியிலும் துபாயிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அதை எனக்கே திருப்பி அனுப்பினார்கள். தக்கலை பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி, “மகள விட்டுட்டு ஓடுன அண்ணன்தான?” என்று கேட்டுக் கைகொடுத்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு லீலாபாய்க்கு வரிசையாகக் கல்யாண வேலைகள் வந்தன. மானம் போனது எனக்கு, வேலை வந்தது அவருக்கு. அவர் கடையைக் கடந்து போகும்போதெல்லாம், “அண்ணா, இன்னொரு தடவ எங்கயாவது ஓடுவியளா? கிறிஸ்மஸ் வருது, செலவு இருக்கு” என்று கேட்பார்.

யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பேன். ரசிக்க அல்ல, குற்றம் கண்டுபிடிக்க. ஜன்னல் பக்கம் வெளிச்சம் வெளுத்திருந்தது. ஷீபா நேரியலை இழுக்கிற இடத்தில் படம் குலுங்கியது. இரண்டே குற்றங்கள். ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தால் குலுங்கியிருக்காது என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். “ஸ்டாண்டு சிரிக்காதுல்லா” என்றாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

லீலாபாய் ஆபரேஷனுக்காக நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். சின்ன ஆபரேஷன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாளைக்காவது கல்யாணங்கள் நம் பக்கம் திரும்பும் என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொண்டுபோனேன். அவர் தலையணையில் சாய்ந்து, போனில் யாருக்கோ ஜாக்கெட் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டு, ஒரு காரியம் சொல்ல வேண்டும் என்றார்.

“எனக்கு எதாவது ஆச்சுண்ணா நீங்கதான் எடுக்கணும். ஒங்க பெரிய கேமராவத் தூக்கிட்டு வரணும். போன்ல வேண்டாம்.”

எனக்கு என் காதை நம்ப முடியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“போனுண்ணா அவனவன் பாட்டுக்கு நிப்பான். ஒங்க கேமராவக் கண்டாத்தான் ஆளு முந்தியச் சரிபண்ணி மரியாதையா நிக்கும். எனக்கும் ஒரு நாளு எல்லாரும் அப்படி நிக்கட்டும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “பெட்டியச் சுத்தி நிக்கும்போ நீங்க சத்தமாச் சொல்லணும், எல்லாரும் இங்க பாருங்கண்ணு. நானும் ஒரு கண்ணத் தொறந்து பாக்கேன், நீங்க எப்படித்தான் எடுக்கியண்ணு” என்று சிரித்தார்.

முதலில் எழும்பித் திங்கட்கிழமைக் கல்யாணத்துக்குப் போகிற வழியைப் பார் என்று திட்டினேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், படியிறங்கி வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. என் கேமராவுக்கு ஒரு மரியாதை உண்டு என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே அசைபோட்டுக்கொண்டு வந்தேன்.

அவர் எழும்பவில்லை. நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

அன்றைக்கு அந்த முற்றத்துப் பந்தலில் நின்ற கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். அவர் தைத்து உடுத்திவிட்ட பெண்கள், அவர் போனில் சிரித்த பெண்கள், கைக்குழந்தையும் புருஷனுமாக வந்துகொண்டே இருந்தார்கள். ஷீபா என் பக்கத்தில் நின்று கர்ச்சீப்பால் வாயைப் பொத்தி அழுதாள். நான் லென்ஸ் வழியே அந்தக் கூட்டத்தைப் பார்த்து, என் அடக்கத்துக்கு இதில் பாதிப்பேராவது வருவார்களா என்று கணக்குப் போட ஆரம்பித்து, என்னை நானே அதட்டி நிறுத்தினேன். செத்தவரிடமும் பொறாமைப்படுகிறவனை என்ன செய்வது?

அவர் எனக்கு விட்டுப்போனவை இரண்டு. ஒன்று அந்த ஊக்கு. கேமரா பையில் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் பெண்ணின் அப்பா யாருக்காவது நேரியல் சரிந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். மற்றது, அந்த வீடியோவில் படம் குலுங்குகிற இடம். லீலாபாய் யாருடைய வீடியோவிலும் கிடையாது, அவர் எடுக்கும்வரை நான் இல்லாமல் இருந்ததுபோலத்தான். நான் ஆடுபோல இழுபட்டு வருவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் கை ஆடியிருக்கிறது. அந்த ஆட்டத்தில் மட்டும் அவர் இருக்கிறார். நான் குற்றம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தது அதைத்தான். ஆயிரம் கல்யாணம் எடுத்த என் படங்களில் எங்கேயும் அப்படி ஓர் ஆட்டம் இல்லை என்பதில் எனக்கு இப்போதும் எரிச்சல் உண்டு.

அடக்கத்தன்று பெட்டியை மூடும் முன், நம் வழக்கப்படி, கடைசிப் படத்துக்காகக் குடும்பத்தார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஜெபின் மஸ்கட்டிலிருந்து வந்த உடுப்போடு தலைமாட்டில் நின்றான். நான் கேமராவைத் தூக்கியதும், அவர் சொன்னதுபோலவே, பெண்கள் முந்தானையைச் சரிசெய்தார்கள். ஆண்கள் நிமிர்ந்தார்கள். அத்தனை பேரும் அவ்வளவு மரியாதையாக நின்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபின் மட்டும் தலையைத் தூக்கி, இனி நான்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தான். அவனிடமும் அம்மா சொல்லி வைத்திருக்கிறார் போல.

குரல் தொண்டைவரை வந்துவிட்டது. என் தொழிலில் எனக்கு ஒழுங்காக வருவது அந்த ஒரு சத்தம்தான். நான் அதைப் போடவில்லை. போட்டு, அவர் பார்க்காமல் இருந்துவிட்டால்?